ரிஸ்க்-ஃபைவ் போர்டில் ஈமாக்ஸை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யும் முறை

இன்டெல், ஏஎம்டி செயலிகள் உள்ள கணினியில் ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வது, அதாவது இயங்கும் நிரலாக மாற்றுவது, ஒரு தேநீர் குடித்து வரும் நேரத்தில் முடிந்துவிடக்கூடிய வேலை. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியின் கட்டமைப்பில் இயங்கும் சிறு போர்டில் கட்டளைகள் அவையேதான் என்றாலும், ஒவ்வொரு தெரிவுக்கும் விலை உண்டு. இங்கே தவறாகக் கொடுத்த ஒரு தெரிவு மணிக்கணக்கான நேரத்தை விழுங்கிவிடும். அதனால் இந்த வழிகாட்டி, கட்டளைகளை வரிசையாக அடுக்குவதைவிட, கம்பைல் நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதையும், அந்த வேலைகளில் எவற்றைப் போர்டின் தலையில் ஏற்ற வேண்டும், எவற்றை ஏற்றத் தேவையில்லை என்பதையும் விளக்கவே முயல்கிறது. மதுரை திருநகரில் சில மாணவர்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்து பழகியவன் என்ற முறையில், நம் ஊரின் வெயிலையும் மின்தடையையும் கணக்கில் எடுத்தே இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது விஷன்ஃபைவ் 2 என்ற போர்டு. ஸ்டார்ஃபைவ் நிறுவனத்தின் ஜேஎச்7110 என்ற சில்லு இதில் உள்ளது. அதனுள் சைஃபைவ் வடிவமைத்த யூ74 கோர்கள் நான்கு, அதிகபட்சம் 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குகின்றன. இந்த யூ74, கட்டளைகளை வந்த வரிசையிலேயே நிறைவேற்றும் எளிய வகைக் கோர் என்பதால், கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து மடிக்கணினியோடு ஒப்பிட்டு எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்ளக் கூடாது. நினைவகம் 2, 4, 8 ஜிபி என மூன்று அளவுகளில் வருகிறது. 4 ஜிபி இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் சி-டாக் என்ற அரசு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய வேகா செயலிகளும் இதே ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுபவைதாம். ஆனால் சி-டாக்கின் ஏரிஸ் போர்டுகளில் உள்ள தேஜஸ்32 சில்லில் இருக்கும் நினைவகம் 256 கேபிதான். அதில் லினக்ஸே ஓடாது. ஈமாக்ஸுக்கு வாய்ப்பே இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்கும் போர்டை எடுத்து வருவதற்கு முன் இந்த வேறுபாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இயங்குதளமாக டெபியன் 13-ஐப் பரிந்துரைக்கிறேன். 2025 ஆகஸ்டில் வெளியான இந்தப் பதிப்பில்தான் 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் முதன்முறையாக அதிகாரபூர்வக் கட்டமைப்பாக இடம்பெற்றது. அதன் களஞ்சியத்திலேயே ஈமாக்ஸ் 30 இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஈமாக்ஸைப் பயன்படுத்த மட்டுமே விரும்புபவர் அந்தத் தொகுப்பை நிறுவிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். அதில் குறையொன்றும் இல்லை. புதிய பதிப்பு உடனே வேண்டும், தேவையற்ற பகுதிகளை நீக்க வேண்டும், கையிலிருக்கும் செயலிக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும் என்பவர்களுக்கே இனி வருவது.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் உள்ளவற்றைச் சோதித்துக் கம்பைலுக்குத் தயார்செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு ஹெல்ப் என்ற தெரிவைக் கொடுத்து இயக்கினால், இங்கே குறிப்பிடும் தெரிவுகள் அனைத்தும் சரியான எழுத்துக்கூட்டலோடு திரையில் வரும். அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கிட் வேண்டாம், டார்பால் எடுங்கள்

வேகம் குறைந்த போர்டில் எடுக்கும் முடிவுகளில் இதுவே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைப் புரிந்துகொள்ள ஈமாக்ஸ் எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஈமாக்ஸின் அடித்தளம் சி மொழியில் எழுதப்பட்டது. அதன் மேலே இருக்கும் பெரும்பகுதி ஈமாக்ஸ் லிஸ்ப். முதலில் சி நிரல்கள் கம்பைல் ஆகி, டீமாக்ஸ் என்ற வெற்று நிரல் உருவாகிறது. அந்த டீமாக்ஸ் அடிப்படை லிஸ்ப் கோப்புகளைப் படித்து நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிஸ்ப் கோப்புகள் ஒவ்வொன்றாக, ஈமாக்ஸ் விரைவாக ஓட்டக்கூடிய இடைநிலை வடிவமான பைட்கோடாக மாற்றப்படுகின்றன. கடைசியில், ஏற்றப்பட்ட நினைவகத்தின் நிலை ஒரு டம்ப் கோப்பாக எழுதப்படுகிறது. நாம் ஈமாக்ஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பு படிக்கப்படுவதால்தான் அது விரைவாகத் திறக்கிறது. இந்த டம்ப் முறை 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பில்தான் இயல்பானது. அதற்கு முந்தைய முறை, இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தையே புதிய இயங்குநிரலாக எழுதுவது. இது ஒவ்வொரு கட்டமைப்பின் நுணுக்கங்களையும் சார்ந்திருந்தது. வழக்கமில்லாத வன்பொருளில் 27-க்கு முந்தைய பதிப்புகளைத் தொட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கட்டங்களில் போர்டின் நேரத்தை அதிகம் தின்பது லிஸ்ப் கோப்புகளை பைட்கோடாக மாற்றும் கட்டம். ஆனால் பைட்கோடு எந்தச் செயலியையும் சார்ந்ததன்று. இன்டெல் கணினியில் உருவான பைட்கோடு கோப்பு ரிஸ்க்-ஃபைவிலும் அப்படியே ஓடும். க்னூ திட்டம் வெளியிடும் டார்பாலில், அதாவது மூலநிரல் முழுவதையும் அடக்கிய ஒற்றைச் சுருக்கக் கோப்பில், இந்தக் கோப்புகள் ஏற்கெனவே உருவாக்கப்பட்டு உள்ளே இருக்கின்றன. கான்ஃபிகர் ஸ்கிரிப்டும், இன்ஃபோ கையேடுகளும் தயாராகவே இருக்கின்றன. நிரலாளர்கள் அன்றாட மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் களஞ்சியத்திலிருந்து எடுத்தாலோ ஆட்டோகான்ஃப் முதல் பைட்கோடு வரை அனைத்தையும் போர்டே செய்தாக வேண்டும். ஆகவே, இன்னும் வெளியாகாத வளர்நிலைப் பதிப்புதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவரை, க்னூ தளத்திலிருந்து 30-ஆம் வரிசை டார்பாலையும் அதன் கையொப்பக் கோப்பையும் இறக்கி, ஜிபிஜி கொண்டு சரிபார்த்து, அதை விரியுங்கள்.

வளர்நிலைப் பதிப்பே வேண்டுமென்றாலும் வழி உண்டு. அதை முதலில் மடிக்கணினியில் முழுமையாகக் கம்பைல் செய்து, லிஸ்ப் அடைவில் உருவான பைட்கோடு கோப்புகளைப் போர்டுக்கு நகலெடுக்கலாம். இரண்டு இடத்திலும் ஒரே கமிட், அதாவது கிட்டில் பதிவான ஒரே நிலையிலுள்ள மூலநிரல், இருக்க வேண்டும். நகலெடுக்கும்போது கோப்புகளின் நேரக்குறிகள் மாறாமல் இருக்கவும் வேண்டும். லிஸ்ப் கோப்பின் நேரம் பைட்கோட்டின் நேரத்தைவிடப் புதியதாகத் தெரிந்தால், கம்பைல் வேலைகளை வரிசைப்படி நடத்தும் மேக் கருவி அதை மறுபடியும் மாற்றத் தொடங்கிவிடும், நாம் பட்ட பாடு வீணாகிவிடும். ஆர்சிங்க் கட்டளையில் ஆர்க்கைவ் தெரிவைக் கொடுத்தால் நேரக்குறிகள் காக்கப்படும்.

தெரிவுகளைத் தீர்மானித்தல்

டெபியனில் மூலத்தொகுப்புக் களஞ்சியத்தை இயக்கிவிட்டு, ஆப்ட் பில்ட்-டெப் ஈமாக்ஸ் என்று கொடுத்தால் தேவையான நூலகங்கள் அனைத்தும் ஒரே அடியில் வந்துவிடும். எஸ்டி கார்டில் இடம் குறைவாக இருப்பவர்கள் ஜிசிசி கம்பைலர், மேக் ஆகியவற்றையும் என்கர்சஸ், க்னூடிஎல்எஸ், கெய்ரோ, ஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப், ஃபான்ட்கான்ஃபிக் ஆகியவற்றின் டெவ் தொகுப்புகளையும் எக்ஸ் நூலகங்களையும் மட்டும் நிறுவிக்கொள்ளலாம். பட நூலகங்கள் இல்லாவிட்டால் கான்ஃபிகர் பாதியில் நின்று, எந்த நூலகம் கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லும். அந்தப் படவகை வேண்டாமென்றால் அதை நீக்கும் தெரிவையும் அந்தச் செய்தியிலேயே காட்டும்.

போர்டு சிறியது என்பதற்காக வரைகலையை முழுவதும் நீக்கி, டெர்மினலில் மட்டும் ஓடும் ஈமாக்ஸை அமைத்துக்கொள்ளுமாறு பலர் அறிவுரை சொல்வார்கள். ஆங்கிலமும் நிரலும் மட்டும் எழுதுபவருக்கு அது சரியான அறிவுரைதான். தமிழில் எழுதுபவருக்கு அது பொருந்தாது. டெர்மினலில் ஓடும்போது, எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பொறுப்பு ஈமாக்ஸிடம் இல்லை, டெர்மினலிடம் இருக்கிறது. லினக்ஸின் வெறும் கன்சோலில் தமிழ் ஒழுங்காக வரவே வராது. ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்க வேண்டும். யூனிகோடிலோ இது ககரமும் அதன் பின்னே ஓர் உயிர்க்குறியும் ஆகச் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியைப் பிரித்து இரண்டு பக்கமும் நிறுத்தும் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். ஈமாக்ஸ் 27 முதல் இந்த நூலகத்தைத்தான் பயன்படுத்துகிறது. எனவே நமக்கு வரைகலை வேண்டும், ஹார்ஃப்பஸ் வேண்டும், எழுத்துகளைத் திரையில் வரையும் கெய்ரோ வேண்டும். சாளரம், பட்டியல் போன்றவற்றை அமைக்கும் ஜிடிகே நூலகம் மட்டும் வேண்டியதில்லை.

ஜிடிகேக்குப் பதிலாக எக்ஸ்-டூல்கிட் தெரிவில் லூசிட் என்று கொடுங்கள். லூசிட்டின் தோற்றம் பழமையானது, ஆனால் இலேசானது. இன்னொரு நன்மையும் இருக்கிறது. விஷன்ஃபைவ் 2-இன் வரைகலைச் சில்லோடு மல்லுக்கட்டாமல், போர்டில் ஈமாக்ஸை இயக்கி, தொலைவிலிருந்து இணையும் எஸ்எஸ்எச் வழியாக அதன் சாளரத்தை மட்டும் வேறொரு லினக்ஸ் மடிக்கணினியில் திறந்துகொள்ளலாம். எங்கள் மாணவர்கள் பள்ளியில் பெற்ற அரசின் விலையில்லா மடிக்கணினிகளை இதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு பழைய மடிக்கணினியும் சாளரம் காட்டும் வேலையைச் செய்துவிடும். இப்படிச் செய்யும்போது வலைத்தொடர்பு அறுந்தால், ஜிடிகேயோடு அமைந்த ஈமாக்ஸ் பின்னணியில் டீமனாக ஓடிக்கொண்டிருந்தாலும் குலைந்துவிடக்கூடும். இது ஜிடிகேயிலேயே நெடுங்காலமாக உள்ள வழு. லூசிட்டில் சாளரம் போனாலும் டீமன் பிழைத்திருக்கும், எழுதியதும் அப்படியே இருக்கும். பிஜிடிகே என்ற வேலேண்ட் வடிவத்தை இந்த வகைப் பயன்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அடுத்தது நேட்டிவ் கம்பைலேஷன். லிஸ்ப் பைட்கோட்டை லிப்ஜிசிசிஜிட் நூலகத்தின் துணையோடு செயலியின் சொந்த எந்திரமொழிக்கு மாற்றும் இந்த வசதி 2022-இல் 28-ஆம் பதிப்பில் வந்தது. 30-ஆம் பதிப்பில் அது இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. மெதுவான செயலியில் இதன் பயன் கண்கூடாகத் தெரியும் என்பதால் இறுதியில் இது வேண்டியதுதான். ஆனால் முதல் முறை கம்பைல் செய்யும்போது வித்அவுட்-நேட்டிவ்-கம்பைலேஷன் என்று வெளிப்படையாகக் கொடுத்து இதை நிறுத்திவையுங்கள். நூலகம் ஒன்று விடுபட்டிருந்தாலோ, தமிழ் ஒழுங்காகத் தெரியாவிட்டாலோ, அது விரைவில் தெரியவர வேண்டும். அதற்காக எந்திரமொழி மாற்றம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பைட்கோட்டைப் போலன்றி, இந்த எந்திரமொழிக் கோப்புகளை வேறு கணினியில் உருவாக்கிக் கொண்டுவர முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு முறை கம்பைல் செய்வதற்கு வசதியாக, மூலநிரல் அடைவுக்குள்ளேயே கான்ஃபிகரை இயக்காமல், அதன் அருகில் இரண்டு புதிய அடைவுகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் மூல அடைவிலுள்ள கான்ஃபிகரை அழையுங்கள். மூலநிரல் தூய்மையாக இருக்கும், ஒன்றின் தெரிவுகள் மற்றதைக் குழப்பாது. நிறுவும் இடத்தைக் குறிக்கும் பிரிஃபிக்ஸ் தெரிவில் உங்கள் ஹோம் அடைவுக்குள் பதிப்பு எண்ணோடு ஓர் இடத்தைக் கொடுங்கள். டெபியனின் சொந்த ஈமாக்ஸ் அதனால் பாதிக்கப்படாது.

சி கம்பைலருக்குத் தெரிவுகளைச் சொல்லும் சிஃப்ளாக்ஸ் மாறியில் செய்ய வேண்டியவை இரண்டு. ஈமாக்ஸ் வழக்கமாக மிகுதியான பிழைத்திருத்தத் தகவல்களைச் சேர்த்தே கம்பைல் செய்கிறது. எஸ்டி கார்டில் எழுதப்படும் அளவை அது வெகுவாகக் கூட்டுவதால், ஓ2 என்ற மேம்பாட்டு நிலையை மட்டும் கொடுத்து அந்தத் தகவல்களை விலக்கலாம். அடுத்தது செயலிக்கேற்ற அமைப்பு. டெபியன் எல்லா ரிஸ்க்-ஃபைவ் செயலிகளுக்கும் பொதுவான ஆர்வி64ஜிசி என்ற அடிப்படையில் கம்பைல் செய்கிறது. ஜேஎச்7110-இல் ஸெட்பிஏ, ஸெட்பிபி என்ற பிட் கையாளும் நீட்டிப்புகளும் உண்டு. எம்ஆர்ச் தெரிவில் இவற்றைச் சேர்த்து, எம்டியூன் தெரிவில் சைஃபைவ்-7-சீரிஸ் என்று கொடுத்தால் ஜிசிசி இந்தக் கோருக்கு ஏற்றபடி நிரலை அடுக்கும். வெக்டர் நீட்டிப்பு இந்தச் சில்லில் இல்லை. அதைச் சேர்த்துவிட்டால் ஈமாக்ஸ் தொடங்கும்போதே சட்டவிரோதக் கட்டளை என்ற பிழையோடு நின்றுவிடும். வேறு போர்டு வைத்திருப்பவர்கள் ப்ராக் அடைவிலுள்ள சிபியூஇன்ஃபோ கோப்பில் ஐஎஸ்ஏ என்ற வரியைப் பார்த்து, அதில் உள்ளவற்றை மட்டும் சேர்க்க வேண்டும்.

வெயில், மின்தடை, கடிகாரம்

கான்ஃபிகர் முடிந்ததும் அது அச்சிடும் சுருக்கத்தில் ஹார்ஃப்பஸுக்கு நேரே ஆம் என்று பொருள்படும் யெஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் டீமக்ஸ் என்ற டெர்மினல் கருவியில் (முன்னே சொன்ன டீமாக்ஸ் அன்று) அமர்வு ஒன்றைத் திறந்து, அதற்குள் மேக் கொடுங்கள். வெளியீட்டை டீ கட்டளை மூலம் ஒரு கோப்பிலும் பதிவு செய்யுங்கள். நான்கு கோர்களுக்கும் வேலை கொடுக்க ஜே4 என்று கொடுக்கலாம். 2 ஜிபி போர்டில் ஜே2 போதும். எக்ஸ்டிஸ்ப் என்ற சி கோப்பு மட்டும் முப்பதாயிரம் வரிகளைத் தாண்டியது. மற்ற கோர்கள் ஓய்ந்திருக்க, ஒரே கோர் அதோடு வெகுநேரம் போராடுவதைக் கண்டு மேக் நின்றுவிட்டதாக எண்ணிக் கன்ட்ரோல்-சி அழுத்திவிடாதீர்கள்.

கத்திரி வெயில் காலத்தில் மதுரையின் மொட்டைமாடி அறையில் நான்கு கோர்களையும் முழு மூச்சாக ஓட்டுவது போர்டுக்கு நல்லதன்று. சில்லின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டி, சிறு விசிறியும் வைப்பதைக் கட்டாயம் என்றே கொள்ளுங்கள். சிஸ் அடைவின் தெர்மல் பகுதியில் வெப்பநிலை, டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் எண்ணாகக் கிடைக்கும். 75000 என்று காட்டினால் 75 டிகிரி. அந்த எண் ஏறிக்கொண்டே போனால் மேக்கை நிறுத்தி ஜே2-வில் தொடருங்கள். இரவில் ஓட்டுவது இன்னும் நல்லது.

மின்தடைதான் கவனமாக எதிர்கொள்ள வேண்டியது. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால், அந்த நாளைத் தவிர்த்துவிடலாம். அறிவிப்பின்றிப் போகும் மின்சாரத்தை எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும். மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது உண்மை. ஆனால் அது கோப்புகளின் நேரக்குறியை மட்டுமே பார்த்து முடிவெடுக்கிறது. உள்ளே முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மின்சாரம் சட்டென்று போகும்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்புகள் 0 பைட் அளவோடு எஞ்சக்கூடும். மேக் அவற்றை முடிந்தவையாகவே கருதிக் கடந்துபோய், லிங்க் செய்யும் கட்டத்தில் புரியாத பிழைகளைக் கொட்டும். எனவே மின்சாரம் வந்தவுடன் ஃபைண்ட் கட்டளையால் 0 பைட் அளவுள்ள ஆப்ஜெக்ட், பைட்கோடு, ஆர்க்கைவ் கோப்புகளைத் தேடி நீக்குங்கள். வெறுமையாகவே இருக்க வேண்டிய வேறு கோப்புகளும் இருக்கலாம் என்பதால், இந்த மூன்று வகைகளுக்கு அப்பால் எதையும் அழிக்க வேண்டாம்.

கடிகாரச் சிக்கல் இதைவிட நுட்பமானது. கடிகாரத்துக்கு பேட்டரி இல்லாத போர்டுகளில், மின்சாரம் போய் வந்தவுடன் நேரம் பின்னோக்கிப் போயிருக்கும். இணையத்தோடு இணைந்த பிறகே சரியாகும். நம் வீடுகளில் போர்டு இன்வெர்ட்டரில் இருக்கும், ஃபைபர் மோடம் இருக்காது. அல்லது இரண்டும் சேர்ந்தே அணையும். இணையம் வருவதற்கு முன் மேக்கைத் தொடங்கினால், புதிதாக உருவாகும் ஆப்ஜெக்ட் கோப்புகளின் நேரம் மூலநிரலின் நேரத்தைவிடப் பழையதாகப் பதிவாகலாம். அப்போது மேக் அவற்றை மறுபடி மறுபடி கம்பைல் செய்துகொண்டே இருக்கும். கடிகாரப் பிறழ்வு கண்டறியப்பட்டது என்ற எச்சரிக்கை வரியைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். டேட் கட்டளையால் நேரத்தைப் பார்த்து, அது சரியான பிறகு, கம்பைல் அடைவிலுள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் மோடத்தையும் அதே இணைப்பில் மாற்றிக்கொள்வதே நிரந்தரத் தீர்வு.

சோதித்தலும் நிறுவுதலும்

மேக் முடிந்தவுடன் நிறுவிவிட வேண்டாம். கம்பைல் அடைவின் எஸ்ஆர்சி பகுதியில் உருவாகியிருக்கும் ஈமாக்ஸை, சொந்த அமைப்புகள் எதையும் ஏற்றாத பெரிய க்யூ தெரிவோடு திறந்து பாருங்கள். சிஸ்டம்-கான்ஃபிகரேஷன்-ஃபீச்சர்ஸ் என்ற மாறியின் மதிப்பில் ஹார்ஃப்பஸ், கெய்ரோ, லூசிட் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பிறகு கன்ட்ரோல்-எச் அழுத்தி எச் அழுத்தினால், உலக மொழிகளின் முகமன்கள் அடங்கிய ஹலோ கோப்பு திறக்கும். அதில் தமிழ் வரியில் வணக்கம் என்பது புள்ளிகள் சரியான இடத்தில் அமர்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். அது மட்டும் போதாது. வணக்கத்தில் பிளவுபடும் உயிர்க்குறி எதுவும் இல்லை. டமில்-ஐட்ரான்ஸ் என்ற உள்ளீட்டு முறையைத் தேர்ந்து, ‘கொக்கு’, ‘சோறு’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ ஆகியவற்றை நீங்களே தட்டிப் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் தீரும். எழுத்துகள் வந்தும் கொம்பும் காலும் தனித்தனியே அலைந்தால் ஹார்ஃப்பஸ் சேரவில்லை. டெவ் தொகுப்பை நிறுவிவிட்டுக் கான்ஃபிகரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மேக் செக் என்ற முழுச் சோதனைத் தொகுதியை இந்தப் போர்டில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை. குறித்த நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று எழுதப்பட்ட சோதனைகள் சில, செயலி மெதுவானது என்பதாலேயே தோற்கும். அந்தத் தோல்விகளைத் துரத்துவது பயனற்றது.

தமிழ் சரியாக வந்துவிட்டால் இரண்டாவது அடைவுக்குச் செல்லுங்கள். லிப்ஜிசிசிஜிட்டின் டெவ் தொகுப்பை, உங்கள் ஜிசிசியின் அதே முதன்மைப் பதிப்பு எண்ணில் நிறுவுங்கள். டெபியன் 13-இல் அது 14. நேட்டிவ் கம்பைலேஷனைத் தடுத்த தெரிவை நீக்கிவிட்டு, மற்ற தெரிவுகளை அப்படியே வைத்துக் கான்ஃபிகரையும் மேக்கையும் இயக்குங்கள். வித்-நேட்டிவ்-கம்பைலேஷன் தெரிவுக்கு ஏஓடி என்ற மதிப்பைக் கொடுத்தால் எல்லா லிஸ்ப் கோப்புகளும் இப்போதே எந்திரமொழிக்கு மாற்றப்படும். இந்தப் போர்டில் அதற்குத் தேவையில்லை. அந்த மதிப்பு இல்லாமல் விட்டால், தொடக்கத்திலேயே ஏற்றப்படும் கோப்புகள் மட்டும் இப்போது மாற்றப்படும், மற்றவை நீங்கள் பயன்படுத்தும்போது பின்னணியில் ஒவ்வொன்றாக மாறும். குறிப்பெடுக்க உதவும் ஆர்க் மோடைத் தொடாதவருக்கு ஆர்க் மோடை எதற்காக மாற்றிவைக்க வேண்டும்?

மேக் இன்ஸ்டால் கொடுத்த பிறகு, இந்தப் பின்னணி வேலைகள் எத்தனை ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதை உங்கள் இனிட் கோப்பில் நேட்டிவ்-காம்ப்-அசிங்க்-ஜாப்ஸ்-நம்பர் என்ற மாறியில் 1 என்று வையுங்கள். இயல்பாக அது கோர்களின் பாதியை எடுத்துக்கொள்ளும், தட்டச்சு தயங்கும். முதல் சில நாள்கள், புதிய வசதி ஒன்றைத் தொடும்போதெல்லாம் போர்டு சற்றுச் சூடாகும். மாற்றப்பட்ட கோப்புகள் உங்கள் ஈமாக்ஸ் அடைவில் சேமிக்கப்பட்டுவிடுவதால் அடுத்த முறை அந்த வேலை இராது. அடுத்த பதிப்பு வரும்போது இதே தெரிவுகளைத் தேடி அலைய வேண்டாம்: சிஸ்டம்-கான்ஃபிகரேஷன்-ஆப்ஷன்ஸ் என்ற மாறியில், இந்த ஈமாக்ஸ் எந்தெந்தத் தெரிவுகளோடு கம்பைல் ஆனதோ அவை முழுமையாகப் பதிவாகியிருக்கும். அதை நகலெடுத்து, பிரிஃபிக்ஸில் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிப் புதிய டார்பாலுக்குக் கொடுக்கலாம். புதியதில் தமிழ்ச் சோதனை முடியும்வரை பழைய பதிப்பின் அடைவை அழிக்காமல் வைத்திருங்கள்.